தானாக நிற்கும் வண்டி

பிரேம்குமாருக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது. பழைய பைக் ஒன்றுதான். இருந்தாலும் ராஜபாளையத்தில் அவன் வேலை பார்க்கிற, காயத்துக்குக் கட்டும் கட்டுத்துணி செய்யும் கம்பெனியில் யார் கார் வாங்கப் போனாலும் முதலில் அவனிடம்தான் வந்து நிற்பார்கள். அதிலும் ஐரோப்பாக் கார் என்றால் கேட்கவே வேண்டாம். போலோவின் அடுத்த மாடல் அங்கே ஓடும்போது நமக்கு மட்டும் ஏன் பழையதையே விற்று, பிறகு அதையும் நிறுத்தினார்கள், அங்கே டாச்சியா என்ற பெயரில் ஓடும் டஸ்டர் இங்கே எப்படி ரெனோ ஆனது, இங்கிலாந்துக்காரனுக்கும் நம்மைப் போல வலதுபக்கம்தான் ஸ்டீயரிங், அப்படியிருந்தும் அவன் ஓட்டும் கார்களில் பாதி ஏன் நம் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று டீ ஆறிப் போகிறவரைக்கும் சொல்லிக்கொண்டே இருப்பான். சொல்லி ஓய்ந்தால் ஃபேஸ்புக்கில் கார்க்காரர்கள் குழு ஒன்றில் போய் அதையே நீளமாக எழுதுவான். எந்த மாடல் எந்த நாட்டில் கிடைக்கிறது, எதை எங்கே கழற்றிவிட்டு விற்கிறார்கள் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. வயது நாற்பத்தாறு. வேறு கெட்ட பழக்கம் இல்லை.

அவன் அக்கா பாண்டிசெல்வியை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மச்சான் வேலுசாமி ராணுவத்தில் லாரி ஓட்டியவர். பனிமலையில் ஓட்டிய கதைகள் அவரிடம் நிறைய உண்டு. பென்ஷனில் வந்து உட்கார்ந்ததும் கார் வாங்க வேண்டும் என்றார். அவர் மனதில் இருந்தது நம் நாட்டுக் கார். பிரேம்குமார் விடவில்லை. லோர்வின் என்கிற ஐரோப்பியக் கம்பெனியின் கெய்ராவை வாங்குங்கள் என்று பார்க்கும்போதெல்லாம் நச்சரித்தான். கடைசியில் மச்சானைச் சாய்த்தது ஒரே ஒரு விஷயம்தான்.

"ஆள் குறுக்க வந்தா தானா நிக்கும் மச்சான். நீங்க பிரேக்க மிதிக்கவே வேண்டாம்."

அதற்கு அத்தாட்சியாக ஒரு வீடியோவும் அனுப்பினான். இங்கிலாந்தில் எடுத்தது. ஒரு வெள்ளைக்காரர் கெய்ராவை ஓட்டிக்கொண்டு போகிறார். குறுக்கே ஒரு ரப்பர் பொம்மை மனிதன் வருகிறது. அவர் இரண்டு கால்களையும் தூக்கிக் காட்டுகிறார். வண்டி பொம்மைக்கு முன்னால் மூச்சுப் பிடித்த மாதிரி நிற்கிறது. அக்காவுக்கு அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துபோயிற்று. மகள் கல்பனா அப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருந்தாள். ஸ்டீயரிங்கைப் பிடித்தாலே கை நடுங்கும் பெண். "தானா நிக்கிற வண்டின்னா எம்புள்ளையும் தைரியமா ஓட்டுவால்லா" என்று பாண்டிசெல்விதான் முடிவைச் சொன்னாள். கெய்ரா வந்துவிட்டது.

அன்று வண்டிக்குப் பூசை. காலையில் பிரேம்குமார் கம்பெனிக்குள் நுழையும்போதே அக்காவின் குரல் பதிவு வந்திருந்தது.

"தம்பி, பூச முடிஞ்சதும் உங்க மச்சான் ஒரு வேல வச்சிருக்காரு. நான் ரோட்டுல ஆரத்தித் தட்டோட நிக்கணுமாம். அவிய வண்டியக் கொண்டாந்து, கால வைக்காம, என் முன்னால தானா நிப்பாட்டிக் காட்டப் போறாகளாம். ராக்கப்பன் அண்ணன் வீடியோ எடுக்காரு. எல்லாரும் பயமா இல்லையான்னு கேக்காக. எனக்கென்னலே பயம்? எந்தம்பி பாத்துச் சொன்ன வண்டி."

கேட்டதும் அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைப் பதிலுக்குப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனான்.

பேக்கிங் ஹாலில் ஜெர்மனிக்குப் போகும் சரக்கு ஒரு பக்கம், உள்ளூர்ச் சரக்கு ஒரு பக்கம். இரண்டும் கலந்துவிடாமல் பார்ப்பதுதான் அவன் வேலை. கட்டுத்துணிச் சுருள் எல்லாம் ஒன்றேபோல வெள்ளை வெளேரென்று இருக்கும். உறையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஜெர்மனிக்காரனுக்கு இழை நெருக்கம் அதிகம், உள்ளூருக்குக் குறைவு. அவனவன் நாட்டுச் சட்டம், அவனவன் கேட்கிற விலை. வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. பிரிஸ்கில்லா என்கிற பெண் உள்ளூர்ச் சுருள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் நின்றுகொண்டுதான் அவன் போனை எடுத்துப் பார்த்தான்.

முந்தாநாள் குழுவில் கெய்ராவைப் பற்றி எழுதியிருந்தான். இங்கிலாந்து மாடலுக்கும் நம் மாடலுக்கும் வித்தியாசமே இல்லை, தென்னாப்பிரிக்காவுக்கே நம் ஊரிலிருந்துதான் கப்பலில் போகிறது, அங்கே தானியங்கி பிரேக் இருக்கும்போது செய்கிற நமக்கு மட்டும் இல்லாமல் போகுமா என்று. அதற்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் பதில் போட்டிருந்தார். விபத்தில் அடிபட்ட கார்களைச் சரிசெய்யும் பட்டறைக்காரர்.

"சார், தப்பான தகவல். தயவுசெஞ்சு மாத்துங்க. நம்ம நாட்டு கெய்ராவுல அந்த பிரேக் எந்த வேரியன்ட்லயும் கிடையாது. முன்னாடி கிரில்லுல கறுப்பா ஒரு சதுரம் இருக்கும் பாருங்க, ஃபாரின்ல அதுக்குப் பின்னாடி ரேடார் இருக்கும். இங்க வெறும் மூடி. நேத்து கழட்டுன வண்டி படம் போட்டிருக்கேன்."

படத்தில் ஒரு கெய்ராவின் முகம் பிய்ந்து கிடந்தது. கறுப்புச் சதுரம் தனியாகத் தரையில். அது இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. ஓட்டைக்குள் ஒன்றுமில்லை.

ஷோரூமில் வண்டி எடுத்த அன்று, இந்தக் கறுப்புச் சதுரத்தைத்தான் அவன் அக்காவுக்குத் தொட்டுக் காட்டினான். "இதாங்க்கா வண்டிக்குக் கண்ணு. இது ஆளப் பாத்துரும்." அக்கா அந்த இடத்தில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டாள்.

பிரேம்குமார் அந்தப் படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்தான். கக்கத்தில் இடுக்கியிருந்த அட்டைப்பெட்டியைக் கீழே வைத்தான்.

"என்னண்ணே, மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றாள் பிரிஸ்கில்லா.

"ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து மச்சானைக் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுங்க மச்சான், எடுங்க, எடுங்க.

"என்ன மாப்ள!" மச்சானின் குரலுக்குப் பின்னால் கோயில் மணிச் சத்தம்.

"மச்சான், பூச முடிஞ்சிருச்சா?"

"ஐயர் இப்பத்தான் சூடம் காட்டுதாரு. ஏன்?"

"யாரு, நம்ம வண்டி இஞ்சினியரா?" என்று ராக்கப்பனின் குரல் கேட்டது. ராக்கப்பன் மச்சானோடு ஒரே ரெஜிமெண்டில் இருந்தவர். "ஸ்பீக்கர்ல போடும்வே. ஏலே தம்பி, வண்டி நிக்காட்டி ஒன்னயத்தான் முன்னாடி கட்டி இழுத்துட்டுப் போவோம்!"

ஒரு கூட்டமே சிரித்தது. தெருக்காரர்கள், மச்சானின் அண்ணன் தம்பிகள், யார் யாரோ. அத்தனை பேர் காதிலும் அவன் குரல் விழுந்துகொண்டிருந்தது. நம் நாட்டுக் காரே போதும் என்று அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டவர்களும் அதில் நிற்பார்கள்.

அந்த வண்டியில் அது இல்லை மச்சான். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவன் சொன்னது வேறு.

"அந்த டெஸ்ட்ட... நான் வந்தப்பொறவு வச்சுக்கிடுங்க மச்சான். நானும் பாக்கணும்லா."

"அப்பச் சுருக்கா வா. நல்ல நேரம் போயிரும்."

"நான் வாரவரைக்கும் பண்ணாதீக. சரியா?"

"சரிலே, சரிலே."

போன் அடங்கியது. சரி, போய் நேரில் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு மூச்சு விட்டான். அந்த மூச்சு முடிவதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. மச்சானின் 'சரிலே' அவனுக்குத் தெரியும். டாக்டர் சர்க்கரையைக் குறை என்றாலும் அவர் 'சரிலே'தான். மறுபடி கூப்பிட்டான். இணைப்பில் இல்லை. அக்காவைக் கூப்பிட்டான். இல்லை. கல்பனாவிடமிருந்து மட்டும் ஒரு செய்தி வந்து விழுந்தது.

"மாமா, வீடியோ எடுக்கும்போது போன் வந்தா கட்டாகுதாம். அப்பா எல்லார் போனையும் ஏரோப்ளேன் மோடுல போடச் சொல்லிட்டாரு. வாங்க."

"செய்யாதீங்க. அந்த வண்டி தானா நிக்காது" என்று அவன் அடித்து அனுப்பியதற்கு ஒற்றை டிக்தான் வந்தது, போய்ச் சேரவில்லை.

பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. பஞ்சு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ரோட்டையே அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. பக்கத்தில் டவுன்பஸ். இரண்டுக்கும் நடுவே பைக்கின் கைப்பிடியை நுழைத்தபோது பஸ் டிரைவர், "சாவுறதுக்கு வேற எடம் கெடைக்கலையா" என்று கத்தினார். அது காதில் ஏறவில்லை. கண்ணுக்கு முன்னால் அந்த ரப்பர் பொம்மைதான் நின்றது. வீடியோவில் அது தப்பித்துவிடும். ஆனால் அந்த வெள்ளைக்காரர் முதலில் ஒரு பழைய வண்டியை, அந்த வசதி இல்லாத வண்டியை, ஓட்டிக் காட்டுவார். பொம்மை அப்போது மேலே எகிறிக் கண்ணாடியில் மோதி, தலை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகப் போய் விழும். அந்த முதல் பகுதியைச் சும்மா எதற்கு என்று அவன்தான் வெட்டிவிட்டு மீதியை மச்சானுக்கு அனுப்பியிருந்தான்.

மடவார்வளாகம் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்து கோயில் தெருவுக்கு வந்தான். வண்டியைக் காணவில்லை. தார் ரோட்டில் நாலு எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தன. அதன் வாசம்கூட இன்னும் போகவில்லை. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டான்.

"புதுக்கார் பூசையா? இப்பத்தான் போனாக. அந்த மிலிட்டரிக்காரரு ஒரே சிரிப்பு. 'தானா நிக்கிற வண்டிக்குப் பழம் எதுக்குத்தா'ன்னாரு. வீட்டுக்காரம்மாதான் பிடிவாதமா வச்சாக."

"எங்க போனாக?"

"செம்பகத்தோப்பு ரோட்டுல புதுசா பிளாட்டுப் போட்டிருக்காம்லா, அங்க ரோடு நல்லா நீட்டமா இருக்குன்னு பேசிக்கிட்டாக. ஏன்யா, இப்பிடி வேர்த்துக் கொட்டுது?"

அவன் அதற்குள் கிளம்பிவிட்டான்.

பிளாட் போட்ட இடத்தில் வீடு ஒன்றும் இல்லை. மஞ்சள் அடித்த எல்லைக் கற்களும், மலையைப் பார்த்துப் போகும் ஒற்றைத் தார்ரோடும்தான். நுழைவு வளைவுக்குள் பைக்கைத் திருப்பும்போதே கெய்ராவின் முதுகு தெரிந்தது. வெள்ளை வண்டி. தூரத்தில், ரோட்டின் அந்தக் கடைசியில், பச்சைப் புடவையில் அக்கா. கையில் தட்டு. ஓரமாகக் கூட்டம்.

வண்டி கிளம்பிவிட்டது.

"மச்சான்! மச்சான்!" ஹாரனை அழுத்திக்கொண்டே போனான். அவன் பைக்கின் ஹாரன் பழுதாகி, பூனை கத்துவது போலத்தான் கேட்கும். கெய்ரா வேகம் எடுத்தது. அகலமான வண்டி. அது முன்னே போகப் போக அக்கா அதன் பின்னால் மறைந்துபோனாள். முதலில் புடவை மறைந்தது, பிறகு தட்டு, பிறகு தலை. அதற்கப்புறம் வெள்ளை வண்டி மட்டும்தான்.

கண்ணை மூடக்கூடாது என்று நினைத்தான். மூடிவிட்டான். பைக் சாய்ந்தது. ரோட்டோரத்து ஜல்லியில் முழங்கால் உரச விழுந்தான்.

டயர் கிறீச்சிட்டது. அதற்குப் பிறகு எதுவுமில்லை. ஒரு சத்தமும் இல்லை.

கண்ணைத் திறந்தபோது வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வண்டி நின்றிருந்தது. அக்காவைக் காணவில்லை. எழுந்து நொண்டிக்கொண்டே ஓடினான். வண்டியைச் சுற்றி வந்தவன் முதலில் பார்த்தது அக்காவின் புடவை முழுக்கச் சிவப்பு. மார்பிலிருந்து கால் வரைக்கும்.

அவன் பானெட்டைப் பிடித்துக்கொண்டான்.

"ஏலே பிரேமு! பாத்தியா!" அக்கா நின்றுகொண்டுதான் இருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். ஆரத்தித் தண்ணீர் தளும்பிப் புடவையெல்லாம் ஊற்றியிருந்தது. அவள் வயிற்றுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் நுழையலாம், அவ்வளவுதான் இடம். அப்போதுதான் எல்லாருக்கும் உயிர் வந்த மாதிரி ஒரே கைதட்டு.

மச்சான் இறங்கினார். முகம் முழுக்கப் பல். "மாப்ள! நான் மிதிக்கவே இல்லடா! ரெண்டு காலையும் தூக்கியே வச்சிருந்தேன். அப்பிடியே பிடிச்சு நிப்பாட்டிருச்சு!"

"எல்லாம் இதுக்குள்ள இருக்கு" என்று ராக்கப்பன் போனைத் தட்டிக் காட்டினார். "வெள்ளக்காரன் வெள்ளக்காரந்தாம்வே. என்னா பிடி!"

பிரேம்குமார் அப்படியே நின்றான். ஒரு நிமிஷம் அவனும் நம்பினான். நம்பத்தான் ஆசைப்பட்டான். கோயம்புத்தூர்க்காரர் பார்த்தது வேறு வண்டியாக இருக்கலாம். இதில் மட்டும் வைத்திருக்கலாம். பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது ஒன்றையும் நிரூபிக்காது, கால் மிதித்தாலும் எரியும், தானாகப் பிடித்தாலும் எரியும். அக்கா பிழைத்துவிட்டாள். இனிமேல் எதற்குச் சொல்ல வேண்டும்? வாயை மூடிக்கொண்டால் போதும், எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடலாம்.

அப்போது பார்வை கிரில்லுக்குப் போனது. மாலைக்கு நடுவே சந்தனமும் குங்குமமும் வைத்த அந்தக் கறுப்புச் சதுரம். படத்தில் தரையில் கிடந்த அதே சதுரம்.

"ஏட்டி கல்பனா, நீ ஏறு" என்றார் மச்சான். "ஒனக்குத்தானட்டி இந்த வண்டி. அம்மா முன்னால நீயும் ஒரு வாட்டி நிப்பாட்டு. பயமெல்லாம் விட்டுப் போகும்."

"எனக்கு வேண்டாம்ப்பா."

"என்னத்த வேண்டாம்? நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்ட்டி. கால எடுத்துரு. அதுவா நிக்கும்."

"போத்தா, அம்மா நிக்கேன்" என்றாள் பாண்டிசெல்வி. மிச்சம் இருந்த தண்ணீரைத் தட்டில் சரிசெய்துகொண்டு மறுபடி ரோட்டின் நடுவே போய் நின்றாள். கல்பனா உதட்டைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்து உட்கார்ந்தாள். வண்டி ரிவர்ஸிலேயே ஊர்ந்து, கிளம்பிய இடத்துக்கே போய் நின்றது.

பிரேம்குமாருக்கு அப்போதுதான் முழுப் பயமும் வந்தது. இவ்வளவு நேரம் இருந்தது ஒன்றுமே இல்லை. மச்சானின் கால் வாழ்க்கையெல்லாம் மலைரோட்டில் லாரி ஓட்டிய கால். எதிரே ஆளைப் பார்த்தால் அது அவரைக் கேட்காமலே மிதித்துவிடும். கல்பனாவின் காலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. எடுத்துரு என்று அப்பா சொன்னால் அவள் எடுத்துவிடுவாள்.

"மச்சான், நிப்பாட்டச் சொல்லுங்க. இந்த வண்டில அது இல்ல."

"எது இல்ல?"

"தானா நிக்கிற பிரேக். லண்டன் வண்டிலதான் இருக்கு. நமக்கு வாரதுல கழட்டிட்டாங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன். நீங்கதான் மிதிச்சிருக்கீக."

மச்சானின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று. "நான் மிதிச்சா எனக்குத் தெரியாதாலே? எங்காலு, எனக்குத் தெரியாதா?"

"தம்பிக்கு வெயிலு தலைக்கு ஏறிருச்சு" என்றார் ராக்கப்பன். "நின்னத இத்தன பேரு பாத்துருக்கோம்."

"ஏலே, எங் கண்ணால பாத்தேன்லா" என்று ரோட்டிலிருந்து அக்கா சத்தம் போட்டாள். "நீ சொன்ன மாதிரியே நின்னுச்சு. நீயே இப்ப இல்லங்கே?"

"அக்கா, மொதல்ல ரோட்ட விட்டு வா. ஓரத்துல கெடக்குற அந்தத் தண்ணி டிரம்ம வச்சுப் பாப்போம். ஆளு வேண்டாம்."

"டிரம்முக்கு நிக்காது, ஆளுக்குத்தான் நிக்கும்னு நீதானடா சொன்ன?" மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. கூட்டத்தின் முன்னால் பேச்சு மாறுவது அவருக்குப் பிடிக்காது. "அன்னைக்கு இதுக்காக எங்கிட்ட எம்புட்டுச் சண்ட போட்ட. இன்னைக்கு பூச போட்டு நல்லா நின்ன வண்டியப் போயி... ஏட்டி, எடு!"

கையைத் தூக்கினார். கெய்ரா ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு நகர ஆரம்பித்தது.

பிரேம்குமார் வண்டியை நோக்கி ஓடினான். அவன் நேரே வருவதைப் பார்த்ததும் கல்பனா வீலென்று கத்திக் கையை விட்டுவிட்டாள். வண்டி இன்னும் வேகம் எடுக்கவில்லை. எடுக்காததால் தப்பித்தான். பானெட் அவன் இடுப்பில் முட்டி, அவனை இரண்டடி பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தது. நிற்கவில்லை. தள்ளிக்கொண்டேதான் வந்தது. "மிதி! மிதி தாயி, பிரேக்க மிதி!" என்று அவன் பானெட்டைத் தட்டித் தட்டிக் கத்தின பிறகுதான் அவள் மிதித்தாள்.

எல்லாரும் ஓடி வந்தார்கள். "நீ மேல வந்து விழுந்தா அது என்ன பண்ணும்?" என்று மச்சான் கத்தினார். ரொம்பக் கிட்டத்தில் இருந்தால் வண்டியின் கண்ணுக்குத் தெரியாது என்று யாரோ சொன்னார்கள். அவர்கள் இன்னும் நம்பவில்லை. கண்ணால் பார்த்தது அப்படி உட்கார்ந்துவிட்டது.

கீழே உடைந்து கிடந்த மஞ்சள் கல் துண்டு ஒன்றை எடுத்தான் பிரேம்குமார். மாலையை ஒதுக்கினான். குங்குமப் பொட்டின் மேலேயே ஓங்கி அடித்தான்.

"அய்யய்யோ! பூச போட்ட வண்டிடா!" அக்கா அலறினாள்.

இரண்டாவது அடியில் சதுரம் விரிசல் விட்டது. விரலை உள்ளே விட்டுப் பிய்த்தான். பிளாஸ்டிக் விளிம்பு விரலைக் கிழித்தது. மூடி கையோடு வந்தது.

"பாருங்க மச்சான். இங்க ஒரு பெட்டி இருக்கணும். ஒயர் வரணும். கைய விட்டுப் பாருங்க."

மச்சான் குனிந்து பார்த்தார். பிறகு கையை விட்டார். மணிக்கட்டு வரைக்கும் போனது. உள்ளே விரல்களைத் துழாவினார். துழாவிக்கொண்டே இருந்தார், அங்கே எதையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது போல. வெளியே எடுத்தபோது கையில் தூசிகூட இல்லை. புது வண்டி.

ராக்கப்பன் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"அப்ப நாந்தான் மிதிச்சிருக்கேன்" என்றார் மச்சான். கொஞ்சம் கழித்து, "எப்ப மிதிச்சேன்?" என்று கேட்டார். யாரிடமும் கேட்ட மாதிரி இல்லை. "எனக்கு ஞாபகமே இல்லையேடா. தூக்கித்தான் வச்சிருந்தேன்னு நெனச்சேன். மிதிக்காம இருந்திருந்தா..." அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய வலதுகால் முழங்காலுக்குக் கீழே தனியாக ஆடிக்கொண்டிருந்தது. கையால் பிடித்து அமுக்கினார். அடங்கவில்லை.

கல்பனா காரைவிட்டு இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள்.

பாண்டிசெல்வி நின்ற இடத்திலேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். தட்டு பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. பிரேம்குமார் போய் அவள் பக்கத்தில் குந்தினான்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றாள்.

"காலைல. கம்பெனில இருக்கும்போது."

"அப்பத்தான் உங்க மச்சானுக்குப் போன் போட்டியா?"

"ஆமாக்கா."

"நானும் பக்கத்துலதான நின்னேன். கேட்டேனே. நீ சொல்லலையே?"

"ஸ்பீக்கர்ல போட்டிருந்தாக. எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தாக. சிரிப்பாகளேன்னு..." கவிழ்ந்து கிடந்த தட்டை நிமிர்த்தி வைத்தான். "நேர்ல வந்து சொல்லிக்கிடலாம்னு நெனச்சேன்."

அக்கா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்ன வயதில் அவன் ஏதாவது உடைத்தால் அப்பாவிடம் தான் உடைத்ததாகச் சொல்லி அடி வாங்கியவள் அவள். இப்போது அவன் முகத்தை, தெரியாத ஆள் முகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அம்புட்டுத்தானா" என்றாள்.

அவன் கை நீட்டினான். அவள் அதைப் பிடிக்காமல் தரையில் கையூன்றி எழுந்தாள். புடவையைப் பிழிந்துவிட்டு, கல்பனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ரோட்டில் நடக்கவில்லை. ஓரத்து மண்ணில், மஞ்சள் கற்களுக்கு அந்தப் பக்கமாக நடந்தாள்.

கூட்டம் மெல்லக் கலைந்தது. வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமே என்று ராக்கப்பன்தான் ஞாபகப்படுத்தினார். மச்சான் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பவில்லை. குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக்கில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

பிரேம்குமார் வண்டிக்கு முன்னால் உடைந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். விரலில் ரத்தம் காய்ந்திருந்தது. மச்சான் கதவைப் பாதி திறந்து தலையை வெளியே நீட்டினார். இதுவரைக்கும் அவர் அவனிடம் அந்தக் குரலில் பேசியதே கிடையாது.

"மாப்ள, முன்னால நிக்காதடா. ஒனக்குப் புண்ணியமாப் போகும், தள்ளிப் போ. எனக்குப் பயமா இருக்கு."